வயிற்றுச் சிரைகளை வரைந்தே படிப்பது எப்படி

நர்சிங், பிசியோதெரபி, ஸ்கேன் டெக்னீஷியன் படிப்புகளில் முதல் வருடம் இருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் மாலை நேரத்தில் உடற்கூறியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள்தான் வருகிறார்கள். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு, கல்லூரியில் சேர்ந்ததும் தடித்த ஆங்கிலப் புத்தகத்தின் முன்னால் உட்கார்கிறவர்கள். எலும்பு, தசை, தமனி எல்லாவற்றையும் எப்படியோ பிடித்துவிடுகிறார்கள். வயிற்றுச் சிரைகளுக்கு வந்ததும் திணறுகிறார்கள்.

திணறலுக்குக் காரணம் அவர்களுடைய மூளை இல்லை, படிக்கும் முறை. தமனிகளின் பட்டியலைத் திருப்பிப் போட்டால் சிரைகள் வந்துவிடும் என்று நினைத்துப் படிக்கிறார்கள். கையிலும் காலிலும் அது ஓரளவு சரிவரும். வயிற்றில் வராது. இரைப்பை, குடல், மண்ணீரல், கணையம் எல்லாவற்றுக்கும் ரத்தம் கொண்டுபோவது பெருந்தமனியின் கிளைகள். ஆனால் அங்கிருந்து திரும்பும் ரத்தம் பெருஞ்சிரைக்கு நேராகப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே இன்னொரு முறை நுண்குழாய்களாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்து, அப்புறம்தான் இதயத்தின் பக்கம் திரும்புகிறது.

ஆகவே ஒவ்வொரு சிரையிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ரத்தம் நேராக இதயத்துக்குப் போகிறதா, இல்லை கல்லீரலைப் பார்த்துவிட்டுப் போகிறதா? முதல் வகைக்கு நீலம், இரண்டாவது வகைக்குப் பச்சை. பெயர்கள் பிறகு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

தாளைத் தயார் செய்வது

ஒரு முழு சார்ட் பேப்பர் வாங்குங்கள். வெள்ளை போதும். நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று ஸ்கெட்ச் பேனா, ஒரு பென்சில், ஒரு நீண்ட ஸ்கேல். தாளை நெட்டுக்குத்தாக நடுவில் மடித்து விரித்தால் நடுக்கோடு கிடைத்துவிடும். அந்தக் கோட்டின் மேல் நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் பத்துக் கட்டம் போடுங்கள். மேலிருந்து டி8, டி9 என்று ஆரம்பித்து டி12 வரை ஐந்து, அப்புறம் எல்1 முதல் எல்5 வரை ஐந்து. இவைதான் முள்ளெலும்புகள்: டி என்பது நெஞ்சுப் பகுதி, எல் என்பது இடுப்புப் பகுதி. இந்த ஏணி இல்லாமல் வரையும் படம் எதுவும் மனதில் நிற்காது. வயிற்றில் எல்லாம் மென்மையானவை, நகரக்கூடியவை. நகராமல் நிற்பது முதுகெலும்பு ஒன்றுதான்.

ஏணியின் படிகள் உங்கள் உடம்பில் எங்கே இருக்கின்றன என்பதையும் அன்றைக்கே தொட்டுப் பாருங்கள். இடுப்பில் கைவைத்து நிற்கும்போது தட்டுப்படும் எலும்பின் உச்சி எல்4 மட்டம். கழுத்துக்குக் கீழே இருக்கும் குழிக்கும் அடிவயிற்றின் கீழே இருக்கும் பியூபிக் எலும்புக்கும் நடுவில் டேப் வைத்து அளந்து பாதியைக் குறித்தால் அது எல்1. வயிறு தொங்காத ஆளுக்குத் தொப்புள் எல்3, எல்4 இரண்டுக்கும் நடுவில் வரும். தம்பியோ அண்ணனோ வீட்டில் இருந்தால் சட்டையைக் கழற்றிப் படுக்க வைத்து, கழுவினால் போகும் பேனாவால் இந்த மூன்று மட்டத்தையும் குறித்துவிடலாம். தொந்தி இருப்பவரிடம் தொப்புளை நம்பாதீர்கள். அது கீழே இறங்கியிருக்கும்.

இன்னொன்று: படத்தின் இடது பக்கம் நோயாளியின் வலது பக்கம். தாளின் இரண்டு ஓரத்திலும் ‘வலது’, ‘இடது’ என்று பெரிதாக எழுதிவிட்டே பேனாவைத் திறங்கள்.

சிவப்பில் இரண்டே இரண்டு வரையுங்கள். டி12-இல் உதரவிதானத்துக்குப் பின்னால் நுழைந்து, நடுக்கோட்டுக்குச் சற்று இடப்பக்கமாக இறங்கி, எல்4-இல் இரண்டாகப் பிரியும் பெருந்தமனி. அதிலிருந்து எல்1 மட்டத்தில் முன்பக்கமாகக் கிளம்பிக் கீழே இறங்கும் சுப்பீரியர் மெசென்ட்ரிக் தமனி. வகுப்பில் எஸ்எம்ஏ என்போம். வேறு தமனி எதுவும் வேண்டாம். இந்த இரண்டும் எதற்கு என்பது சிரைகள் வரும்போது தெரியும்.

நீலம்: கீழிருந்து மேலே

சிரையை எப்போதும் ரத்தம் ஓடும் திசையில் வரையுங்கள். மேலிருந்து கீழே பேனாவை இழுத்தால் கை ஒன்று கற்கும், உடம்பில் நடப்பது வேறொன்றாக இருக்கும்.

தொடையிலிருந்து வரும் ஃபீமரல் சிரை, கவட்டையில் இருக்கும் இங்குவைனல் தசைநாரைத் தாண்டியதும் எக்ஸ்டர்னல் இலியாக் சிரை என்று பெயர் மாறுகிறது. இடுப்புக்கூட்டின் உள்ளுறுப்புகளிலிருந்து வரும் இன்டர்னல் இலியாக் அதோடு சேர்ந்தால் காமன் இலியாக். வலதும் இடதும் எல்5-இல், நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் சேர்ந்து கீழ்ப் பெருஞ்சிரை ஆகின்றன. இதை ஐவிசி என்றே சொல்லிக்கொள்வோம், வார்டிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

இங்கே பேனாவை நிறுத்திப் படத்தைப் பாருங்கள். பெருந்தமனி எல்4-இல் பிரிந்துவிட்டது. ஐவிசி அதற்கு ஒரு படி கீழே, வலப்பக்கம் தள்ளிப் பிறக்கிறது. அப்படியானால் இடது காமன் இலியாக் சிரை நடுக்கோட்டைக் கடந்து வந்தாக வேண்டும். வரும் வழியில் வலது காமன் இலியாக் தமனிக்கு அடியில் நுழைகிறது. முன்னால் துடிக்கும் தமனி, பின்னால் முதுகெலும்பு, நடுவில் மெல்லிய சுவர் உள்ள சிரை. காலில் ரத்தம் உறைந்து வீங்கி வருபவர்களில் இடது கால்காரர்கள் அதிகமாக இருப்பதற்கு இந்த இடமும் ஒரு காரணம். மே–தர்னர் என்று பெயர் சொல்வார்கள். பெயர் மறந்தாலும், படம் நினைவில் இருந்தால் காரணம் சொல்லிவிடலாம்.

ஐவிசியை வலப்பக்கமாகவே மேலே கொண்டுபோய், கல்லீரலின் பின்புறத்தில் இருக்கும் பள்ளத்தில் புதைத்து, டி8-இல் உதரவிதானத்தின் நடுவில் இருக்கும் தசைநார்ப் பகுதியைத் துளைத்து இதயத்தின் வலது மேலறையான ஏட்ரியத்தில் விடுங்கள். வழியெங்கும் வால்வு கிடையாது. அழுத்தமும் குறைவு. அதனால்தான் நிறைமாதக் கர்ப்பிணி மல்லாந்து படுத்தால் கருப்பை இதன் மேல் அழுந்தி, இதயத்துக்கு வரும் ரத்தம் குறைந்து, தலைசுற்றலும் வியர்வையுமாகப் போய்விடுகிறது. ஐவிசி வலப்பக்கம் இருப்பதால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறோம். பிரசவ வார்டில் “அக்கா, இந்தப் பக்கம் திரும்பிப் படுங்க” என்று வலது இடுப்புக்கு அடியில் தலையணை கொடுக்கும்போது உங்கள் கண்ணுக்குள் அந்த நீலக்கோடு தெரிய வேண்டும்.

இப்போது ஐவிசியில் சேர்பவை. இடுப்பு முதுகிலிருந்து வரும் லம்பார் சிரைகளைச் சின்னக் கோடுகளாகப் போட்டுவிட்டு, அவற்றை மேலும் கீழுமாக இணைக்கும் அசென்டிங் லம்பார் சிரையையும் இருபுறமும் இழுங்கள். அது மேலே போய் நெஞ்சுக்குள் வலது பக்கம் அசைகஸ், இடது பக்கம் ஹெமிஅசைகஸ் சிரைகளாகத் தொடர்கிறது. ஐவிசி அடைபட்டால் ரத்தம் மேலே ஏறுவதற்கு இருக்கும் பின்வாசல் இது. கல்லீரலிலிருந்து வரும் மூன்று ஹெபாடிக் சிரைகளை உச்சியில் போடுங்கள்.

நடுவில் இருக்கும் சிறுநீரகச் சிரைகளில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். நீங்களும் செலவழியுங்கள்.

வலது சிறுநீரகச் சிரை குட்டை, இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். பக்கத்திலேயே ஐவிசி இருக்கிறது. இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனியின் முன்னால் குறுக்கே கடந்து வர வேண்டும். அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு நீளம். கடக்கும் இடத்தில் மேலிருந்து எஸ்எம்ஏ சரிந்து இறங்குகிறது. ஆக இடது சிறுநீரகச் சிரை முன்னால் எஸ்எம்ஏ, பின்னால் பெருந்தமனி என இரண்டுக்கும் நடுவில் போகிறது. சிவப்பில் அந்த இரண்டையும் வரையச் சொன்னது இதற்காகத்தான். சிலருக்கு அங்கே சிரை நசுங்கி, சிறுநீரில் ரத்தம் வருவதுண்டு, நட்கிராக்கர் என்பார்கள். சிறுநீரக தானம் செய்பவரிடமிருந்து பெரும்பாலும் இடது சிறுநீரகத்தையே எடுக்க விரும்புவதும் இந்த நீளத்தால்தான். சிரை நீளமாக இருந்தால் தைத்து இணைப்பது எளிது.

அப்புறம், வலது விரைச் சிரை (பெண்களுக்குச் சூலகச் சிரை) நேராக ஐவிசியில் சாய்வாகச் சேர்கிறது. இடது நேராகப் போவதில்லை. செங்குத்தாக மேலேறி இடது சிறுநீரகச் சிரையில் முட்டுகிறது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் சிரையும் அப்படியே: வலது நேராக ஐவிசிக்கு, இடது சிறுநீரகச் சிரைக்கு. இதைப் பிள்ளைகள் ஒற்றை வரியாக ஒப்பிப்பார்கள். ஒப்பிக்காமல் வரைந்து பாருங்கள். ஐவிசி வலப்பக்கம் இருக்கும்போது இடது பக்கத்து உறுப்புகள் அருகில் இருக்கும் பெரிய சிரையைத்தானே பிடிக்கும்? விரைப்பையில் சிரைகள் சுருண்டு வீங்கும் வேரிகோசீல் இடது பக்கம் அதிகமாக வருவது ஏன் என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. வயதான ஒருவருக்கு இடது பக்கம் திடீரென்று அது தோன்றினால், இடது சிறுநீரகத்தில் கட்டி இருந்து அது சிரைக்குள் வளர்ந்து வழியை அடைத்திருக்கிறதா என்று மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார். வலது பக்கம் மட்டும் வந்தாலும் வயிற்றைப் பார்த்தாக வேண்டும்.

பச்சை: கல்லீரலுக்குப் போகும் வழி

நீலத்தை முடித்த தாளின் மேலேயே பச்சையை வரையுங்கள். வேறு தாளில் வரைந்தால் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காது.

எல்1, எல்2 மட்டத்தில் கணையத்தைப் பென்சிலால் குறுக்காகப் போடுங்கள். தலை வலப்பக்கம் சிறுகுடலின் ஆரம்பமான டியோடினத்தின் வளைவுக்குள், வால் இடப்பக்கம் மண்ணீரலைத் தொட்டுக்கொண்டு. தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் கழுத்துதான் நமக்கு முக்கியம். கீழிருந்து எஸ்எம்ஏவின் வலப்பக்கமாக ஏறி வரும் சுப்பீரியர் மெசென்ட்ரிக் சிரை, அதாவது எஸ்எம்வி, சிறுகுடலின் ரத்தத்தையும் பெருங்குடலின் முதல் பாதி ரத்தத்தையும் கொண்டுவருகிறது. மண்ணீரலிலிருந்து கணையத்தின் முதுகோடு ஒட்டி வலப்பக்கம் வருகிறது மண்ணீரல் சிரை. இரண்டும் கணையக் கழுத்தின் பின்னால் சேர்கின்றன. அங்கே பிறப்பது போர்ட்டல் சிரை. பெருங்குடலின் பின்பாதியிலிருந்து வரும் இன்ஃபீரியர் மெசென்ட்ரிக் சிரை பெரும்பாலும் மண்ணீரல் சிரையில் போய்ச் சேரும். ஆளுக்கு ஆள் இது மாறும்; எஸ்எம்வியிலோ, இரண்டும் சேரும் முனையிலோ விழுவதும் சகஜம்.

போர்ட்டல் சிரை சுமார் எட்டு சென்டிமீட்டர் நீளம். டியோடினத்தின் முதல் பகுதிக்குப் பின்னால் ஏறி, கல்லீரலின் வாசலை அடைகிறது. கூடவே முன்பக்கம் வலதில் பித்தநாளம், இடதில் ஹெபாடிக் தமனி. மூன்றிலும் பின்னால் இருப்பது, மூன்றிலும் பெரியது இதுதான். இதிலும் வால்வு இல்லை. கல்லீரலுக்கு நிமிடத்துக்குப் போகும் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தத்தில் முக்கால் பங்கு இந்த வழியாகத்தான் போகிறது.

மருந்து கொடுக்கப் போகிறவர்களுக்கு இந்தப் பச்சைக்கோடு தினசரி வேலை. விழுங்கும் மாத்திரை எல்லாம் பச்சை வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகும். பல மருந்துகளில் கணிசமான பகுதி அங்கேயே சிதைந்துவிடும். நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பது, வாயிலிருந்து திரும்பும் ரத்தம் பச்சையில் சேராது என்பதால்தான். நோயாளி அவசரத்தில் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோய்க்கும் இதுவே பாதை. பெருங்குடலில் இருக்கும் அமீபா பச்சைக்கோட்டில் ஏறித்தான் கல்லீரலில் சீழ்க்கட்டி உண்டாக்குகிறது, அதிகமும் வலது மடலில். குடல் புற்றுநோய் பரவும்போது முதலில் கல்லீரலில் தெரிவதும் இதனால்தான். கணையம் அடிக்கடி வீங்குபவருக்கு அதன் முதுகில் ஒட்டிப் போகும் மண்ணீரல் சிரை உறைந்துபோகலாம். அப்போது கல்லீரல் நன்றாக இருந்தாலும் மண்ணீரல் பெருத்து, இரைப்பையின் மேல்பகுதியில் சிரைகள் புடைக்கும். பச்சைக்கோட்டில் எந்த இடம் அடைபட்டது என்று விரலை வைத்துப் பார்த்தால், பின்னால் எது வீங்கும் என்று நீங்களே சொல்லலாம்.

ஆட்டு ஈரலில் கைவைத்துப் பார்ப்பது

புத்தகத்தில் புரியாத ஒன்று ஈரலைக் கையில் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் புரியும். ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் போய், “பாய், ஈரலைத் துண்டு போடாம முழுசா குடுங்க, பின்னாடி இருக்கிற குழாயையும் சேர்த்து” என்று கேளுங்கள். எதற்கென்று சொன்னால் பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள். மடல் அமைப்பு மனிதனுடையதிலிருந்து வேறு, ஆனால் நமக்கு வேண்டிய வாசல்கள் இரண்டும் அதிலும் இருக்கின்றன.

கழுவி, அடிப்பக்கம் மேலே இருக்கும்படி தட்டில் வையுங்கள். நடுவில் கொழுப்பும் நெறிகட்டிகளும் சூழ்ந்த ஒரு பள்ளம் இருக்கும். அதுதான் வாசல். பித்தம் பட்டுப் பச்சையேறிய மெல்லிய குழாய் ஒன்று தென்படும். அதன் பின்னால், வாய் அகன்று, தொட்டால் துவளும் பெரிய துளைதான் போர்ட்டல் சிரை. ஒரு ஈர்க்குச்சியை மெல்ல உள்ளே விட்டால் வலது இடது என்று கிளைகளுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். குச்சியின் மேலேயே கத்தியால் கீறித் திறந்தால் கிளைகள் எப்படிப் பிரிகின்றன என்பது அப்படியே தெரியும்.

இப்போது ஈரலைத் திருப்பி, முதுகு விளிம்பைப் பாருங்கள். ஈரலோடு ஒட்டிய, பாதி புதைந்த ஒரு பெரிய குழாய் இருக்கும். அது பெருஞ்சிரை. நெடுக்கக் கத்தரித்துத் திறந்தால் உட்சுவரில் சிறிதும் பெரிதுமாக வாய்கள் தெரியும். அவை ஹெபாடிக் சிரைகள் வந்து திறக்கும் இடங்கள். கீழே நுழைந்தது பச்சை, பின்னால் வெளியேறுவது நீலம்.

கடைசியாக ஈரலைக் குறுக்காக ஒரு துண்டு போட்டு, வெட்டிய முகத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். துளைகள் இரண்டு விதமாக இருக்கும். சிலவற்றைச் சுற்றி வெண்மையான உறை, பக்கத்திலேயே இன்னும் சின்னத் துளைகள். இது போர்ட்டல் கிளை. தமனியும் பித்தநாளமும் ஒரே உறைக்குள் அதோடு போகின்றன. மற்றவை உறையே இல்லாமல், சதைக்குள் குடைந்ததாகத் தெரியும் தனித்த துளைகள். அவை ஹெபாடிக் சிரைகள். ஸ்கேன் படிக்கும் பிள்ளைகள் இதை மறக்கவே கூடாது. அல்ட்ராசவுண்டில் போர்ட்டல் கிளைகளுக்கு வெள்ளைக் கரை பளிச்சென்று தெரியும், ஹெபாடிக் சிரைகளுக்குக் கரை இருக்காது. நீங்கள் தட்டில் பார்த்த அதே உறைதான் திரையில் வெளுக்கிறது.

பிரான்சைச் சேர்ந்த குய்னோ 1957-இல் கல்லீரலை எட்டுப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டியதும் இந்த இரண்டையும் வைத்துத்தான். ஒவ்வொரு பகுதிக்கும் உள்ளே நுழைவது போர்ட்டல் கிளை. பகுதிகளின் இடையில் ஓடுவது ஹெபாடிக் சிரை. அறுவை சிகிச்சை நிபுணர்கள் இன்றைக்கும் அந்த எண்களைத்தான் சொல்கிறார்கள்.

பச்சையும் நீலமும் சந்திக்கும் இடங்கள்

இதுவரை இரண்டு வழிகளும் கல்லீரலுக்குள் மட்டுமே இணைகின்றன. உண்மையில் உடம்பின் சில ஓரங்களில் மெல்லிய இணைப்புகள் பிறப்பிலிருந்தே இருக்கின்றன. சாதாரணமாக அவற்றில் ஒன்றும் நடப்பதில்லை.

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கு நான் துறைமுக கேட்டைத்தான் சொல்வேன். கேட் திறந்திருக்கும் வரை கன்டெய்னர் லாரிகள் பெரிய சாலையிலேயே வரும், போகும். கேட்டில் தாமதமானால் எண்ணூர் சாலை நெடுக வரிசை நிற்கும். இன்னும் தாமதமானால் லாரிகள் சின்னத் தெருக்களில் நுழையும். அந்தத் தெருக்கள் அந்த எடைக்குப் போடப்பட்டவை அல்ல.

கல்லீரல் சுருங்கித் தழும்பாகிவிட்டால், அதாவது சிரோசிஸ் வந்தால், பச்சை ரத்தத்துக்கு அதுதான் நிலைமை. போர்ட்டல் சிரையில் அழுத்தம் இயல்பாக 5 முதல் 10 மில்லிமீட்டர் பாதரச அளவுதான். கல்லீரலுக்குள் நுழையும் பச்சைக்கும் வெளியேறும் நீலத்துக்கும் இடையில் இருக்கும் அழுத்த வித்தியாசம் 5-ஐத் தாண்டக்கூடாது. 10-ஐத் தொட்டால் ஓரத்துச் சிரைகள் புடைக்க ஆரம்பிக்கும், 12-ஐத் தாண்டினால் அவை வெடித்து ரத்தம் கொட்டும் அபாயம்.

எங்கள் பகுதியில் குடியால் கல்லீரல் கெட்ட ஒருவர் இல்லாத தெருவைக் காட்டுவது கஷ்டம். இங்கே படிக்கும் பிள்ளைகளில் பலர் அதை வீட்டிலேயே பார்த்தவர்கள். அதனால் இந்தப் பகுதியைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள்.

முதல் இடம், உணவுக்குழாயின் கீழ்முனை. இரைப்பையிலிருந்து வரும் லெஃப்ட் கேஸ்ட்ரிக் சிரை பச்சை. உணவுக்குழாயிலிருந்து அசைகஸுக்குப் போவது நீலம். உயிருக்கு ஆபத்தானது இதுதான், ஏனென்றால் சிரைகள் மெல்லிய சவ்வுக்கு அடியிலேயே புடைத்து நிற்கின்றன. வெடித்தால் வாய்வழியாக ரத்தம். மலம் தார் நிறத்தில் போவதும் அதே ரத்தம்தான். வீட்டில் யாருக்காவது கல்லீரல் நோய் இருந்து மலம் கருத்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அப்போதே 108-க்குக் கூப்பிடுங்கள். எண்டோஸ்கோப்பி வழியாக ரப்பர் வளையம் போட்டு அந்தச் சிரைகளைக் கட்ட முடியும்.

இரண்டாவது, தொப்புள். தாயின் வயிற்றில் இருந்தபோது நச்சுக்கொடியிலிருந்து ரத்தம் கொண்டுவந்த சிரை பிறந்த பிறகு மூடி, தொப்புளிலிருந்து கல்லீரல் வரை ஒரு நாராக நிற்கிறது. அந்த நாரோடு ஓடும் சின்னச் சிரைகள் பச்சை. வயிற்றுத் தோலின் சிரைகள் நீலம். அழுத்தம் ஏறினால் தொப்புளைச் சுற்றி நாலாபுறமும் சிரைகள் புடைக்கும். “வயித்துல நரம்பு நரம்பா தெரியுது சிஸ்டர்” என்று நோயாளியின் வீட்டுக்காரம்மா சொன்னால் அதுதான் விஷயம்.

மூன்றாவது, மலக்குடல். மேல்பகுதியின் சிரை பச்சையில் சேர்கிறது, நடுவும் கீழும் நீலத்தில். இங்கே புடைக்கும் சிரைகளையும் சாதாரண மூலத்தையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள். இரண்டும் வேறு, மூலம் என்பது ஆசனவாயில் எல்லோருக்கும் இருக்கும் மெத்தைப் பகுதி கீழே சரிவது. அதற்குக் கல்லீரல் கெட்டிருக்க வேண்டியதில்லை.

வயிற்றின் பின்சுவரில் குடலின் சிரைகளும் லம்பார் சிரைகளும் தொடும் இடங்கள் நான்காவது. வெளியே தெரியாது. தாளில் நான்கு இடத்திலும் பச்சையும் நீலமும் சந்திக்கும்படி புள்ளிக்கோடு போட்டு வையுங்கள்.

விரலால் திசை பார்ப்பது

வயிற்றில் சிரை புடைத்திருப்பதைப் பார்த்ததோடு நிற்காமல், ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். இயல்பாகத் தொப்புளுக்கு மேலே இருக்கும் தோல் சிரைகள் அக்குள் பக்கம் மேலேறும். கீழே இருப்பவை தொடையின் பக்கம் கீழிறங்கும். போர்ட்டல் அழுத்தத்திலும் ரத்தம் தொப்புளைவிட்டு விலகியே ஓடும், அதனால் கீழ்வயிற்றில் கீழ்நோக்கித்தான் போகும். ஐவிசி அடைபட்டிருந்தால் கீழ்வயிற்றிலும் மேல்நோக்கி ஓடும், பெரும்பாலும் விலாப்பக்கமாக. ஆகவே எப்போதும் தொப்புளுக்குக் கீழே பாருங்கள், அங்கேதான் வித்தியாசம் தெரியும்.

கிளை இல்லாத நேரான ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆள்காட்டி விரலையும் ஒன்றாகச் சேர்த்து அழுத்துங்கள். ஒரு விரலை அசைக்காமல், மற்றதை அழுத்தியபடியே மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளுங்கள். நடுவில் சிரை காலியாகிவிடும். ஒரு விரலை எடுத்து எவ்வளவு வேகமாக நிரம்புகிறது என்று பாருங்கள். மறுபடி காலி செய்து அடுத்த விரலை எடுங்கள். எந்த விரலை எடுத்தபோது சட்டென்று நிரம்பியதோ, அந்தப் பக்கத்திலிருந்து ரத்தம் வருகிறது.

நோயாளியிடம் போவதற்கு முன்னால் முன்னங்கையில் பழகிக்கொள்ளுங்கள். 1628-இல் வில்லியம் ஹார்வி ரத்தம் ஒரே திசையில் ஓடுவதைக் காட்டியதும் முன்னங்கையில்தான். காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இதில் வசதி உண்டு. கடலுக்குப் போய் வலை இழுத்த கையில் சிரைகள் தடித்துத் தெளிவாக இருக்கும். “நைனா, கையக் கொஞ்சம் நீட்டேன்” என்று கேட்டு, மேல்கையைத் துணியால் லேசாகக் கட்டிச் செய்துபாருங்கள். முழங்கைப் பக்கத்து விரலை எடுத்தால் வால்வு தடுப்பதால் காலியாகவே நிற்கும், மணிக்கட்டுப் பக்கத்து விரலை எடுத்தால் உடனே நிரம்பும். வயிற்றில் நீண்ட நாள் புடைத்த சிரைகளில் வால்வுகள் பழுதாகியிருக்கும். இரண்டு பக்கமும் நிரம்பலாம், வேகத்தை ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

வெற்றுத் தாளில்

அடுத்த வாரம் புதுத் தாளில், பார்க்காமல், ஏணியிலிருந்து ஆரம்பித்து முழுவதையும் வரையுங்கள். அதன்பின் அடைப்புகளை வைத்துப் பாருங்கள். மூன்று ஹெபாடிக் சிரைகளும் அடைபட்டால்? கல்லீரல் வீங்கும், வயிற்றில் நீர் சேரும்; பட்–கியாரி என்பது அதுதான். கல்லீரலின் காடேட் மடல் மட்டும் தனிச் சின்னச் சிரைகளால் நேராக ஐவிசியில் வடிவதால் அது தப்பித்துப் பெருக்கும். ஐவிசி சிறுநீரகச் சிரைகளுக்குக் கீழே அடைபட்டால்? இரண்டு காலும் வீங்கும், அசைகஸ் வழி திறக்கும், சிறுநீரகம் தப்பிக்கும்.

கடைசியாக, கல்லீரலுக்குள் ஹெபாடிக் சிரைக்கும் போர்ட்டல் கிளைக்கும் நடுவில் ஒரு சின்னக் குழாய் வரையுங்கள். டிப்ஸ் என்ற சிகிச்சையில் கழுத்துச் சிரை வழியாக உள்ளே போய் இப்படித்தான் ஒரு ஸ்டென்ட் வைக்கிறார்கள். பச்சையின் அழுத்தம் இறங்கும், உணவுக்குழாய் சிரைகள் அடங்கும். ஆனால் குடலில் உண்டாகும் அம்மோனியா கல்லீரலில் சுத்தமாகாமலே நீலத்தில் கலந்து மூளைக்குப் போகும். அதனால் இந்த நோயாளிகளை வார்டில் பார்க்கும்போது ரத்த அழுத்தம் எடுப்பதோடு பேச்சும் கொடுங்கள். இன்றைக்கு என்ன கிழமை, கூட வந்திருப்பது யார் என்று கேளுங்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்து, விரல்களை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கை நிற்காமல் தொய்ந்து தொய்ந்து விழுந்தால், அடுத்த ரவுண்ட்ஸ் வரும் வரை காத்திருக்காமல் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.